கடைசி ஆர்டருக்கான எண்

என் தம்பி மனைவிக்கு எங்கள் வீட்டில் சிப்புக்காரி என்று பெயர். வைத்தவன் என் தம்பி. அதற்கு முன்னால் அவளுக்கு வேறு பட்டப்பெயர்கள் இருந்தன. எல்லாம் அவள் தொண்டையைப் பற்றியவை. அவள் சாதாரணமாகப் பேசினாலே பக்கத்து வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, என்ன சண்டை என்று காது கொடுப்பார். இப்போது ஒரு தொழிற்சாலையின் பர்ச்சேஸ் பிரிவு முழுக்க அவள் பொறுப்பில் இருக்கிறது. அந்த இடத்துக்கு அவள் வந்த வழியைத்தான் சொல்லப் போகிறேன்.

அவளுக்கு வேலை கிடைத்ததே அந்தத் தொண்டையால்தான். தம்பி பஸ் டிரைவர். தசைகள் ஒவ்வொன்றாகச் சொன்ன பேச்சைக் கேட்காமல் போகிற வியாதி அவனுக்கு வந்தது. முதலில் பிரேக் மிதிக்கிற கால் தளர்ந்தது, பிறகு கைகள், அப்புறம் மூச்சு. வீட்டிலேயே வைத்துக்கொள்கிற மூச்சு மெஷின் வாங்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்கள். அதைச் செய்கிற தொழிற்சாலை எங்கள் ஊரிலேயே, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. மெஷின் வந்தது, அதோடு வரவேண்டிய குழாய் ஒன்று வரவில்லை. நாளைக்கு வரும், நாளைக்கு வரும் என்று இழுத்தடித்தார்கள். இவள் பொறுத்துப் பார்த்துவிட்டு நேரே போய் முதலாளி அறை வாசலில் நின்றாள். குழாயைக் கையில் கொடுக்கிற வரை இந்த இடத்தைவிட்டு நகர மாட்டேன் என்றாளாம். குழாய் கிடைத்தது, கூடவே வேலையும் கிடைத்தது. சப்ளையர்களை விரட்டிப் பொருள் வாங்க இப்படி ஓர் ஆளைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்றாராம் அவர். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

நான் அப்போதுதான் தபால் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றிருந்தேன். பகலில் தம்பியை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ வேலைக்குப் போ என்று சொல்லிப் பெட்டியோடு வந்து சேர்ந்தேன். நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் ஒரே கூரைக்குள் என்றால் ஊர் என்ன எதிர்பார்க்கும் என்று தெரியும். ஊரை நாங்கள் ஏமாற்றவில்லை. அவள் கத்துவாள், நான் முணுமுணுப்பேன். கத்துகிறவளுக்கு அத்தோடு போய்விடும், முணுமுணுக்கிறவளுக்கு மூன்று நாள் இருக்கும். அதனால் எங்கள் வீட்டில் சமாதானம் எப்போதும் அவள் பக்கமிருந்துதான் வரும்.

தம்பியின் கட்டில் முன்னறையில் ஜன்னல் ஓரம். மெஷின் அதன் தலைமாட்டில், ஒரு சின்ன மேஜை மேல் இருந்தது. டிபன் கேரியர் உயரம்தான் இருக்கும். அவன் மூச்சை இழுக்க ஆரம்பிக்கிற அந்தக் கணத்தை அது கண்டுபிடித்துக் காற்றைத் தள்ளும். ஒரு மூச்சுக்கு மூன்று நான்கு வார்த்தைதான் அவனால் பேச முடியும். அதனால் ஒரு கேலியைச் சொல்லி முடிக்க அவனுக்கு ஐந்தாறு மூச்சு பிடிக்கும். நாங்களும் காத்திருப்போம். காத்திருந்து கேட்ட கேலிக்குச் சிரிப்பு ஜாஸ்தி.

வேலையில் மேலே போக டிகிரி வேண்டும் என்றார்கள் என்று அவள் மாலைக் கல்லூரியில் சேர்ந்தாள். புருஷனுக்கு மெஷின், பெண்டாட்டிக்குப் படிப்பு, எனக்கு அடுப்படி என்று நான் முணுமுணுத்துக்கொண்டேன். கடைசி வருடம் ப்ராஜெக்ட் ஒன்று செய்ய வேண்டியிருந்தது. மெஷின்களுக்குள் மூளையாக இருக்கிற சிப்பு எப்படித் தயாராகிறது, அது எந்த வழியாக எத்தனை கை மாறி வந்து சேருகிறது, அந்த வழியை எப்படிச் சீராக்கலாம் என்று அவள் எடுத்துக்கொண்டாள். பத்திரிகைகளில் சில்லு என்று எழுதுகிறார்கள். எங்களுக்கு அது சிப்புதான்.

அதற்குப் பிறகு வீட்டில் வேறு பேச்சே இல்லை. தம்பிக்கு முகம் மழித்துக்கொண்டே சிப்பைப் பற்றிச் சொல்லுவாள். மணலிலிருந்து எடுத்த சரக்கை உருக்கித் தூணாக்கி, அதை அப்பளம் போல மெல்லிசாக அறுத்து, ஒரு தூசி புகாத கட்டடத்துக்குள் மாதக்கணக்கில் அதன் மேல் படம் பதிப்பதும் அரிப்பதுமாக நூற்றுக்கணக்கான வேலை நடக்குமாம். உள்ளே போகிறவர்கள் கண் மட்டும் தெரிகிற உடுப்புப் போட வேண்டுமாம், பவுடர்கூடப் பூசக் கூடாதாம். ஒரு தேசத்தில் செய்து, இன்னொரு தேசத்தில் துண்டு போட்டு உறையிட்டு, மூன்றாவதில் சோதித்து அனுப்புவார்களாம். ஒரு கடிதம் போய்ச் சேர எத்தனை கை மாறும் என்று பார்த்தவள் நான். இது அதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. சவரக் கத்தி கன்னத்தில் இருக்கும்போதே தம்பி சந்தேகம் கேட்பான். அப்படி ஒரு நாள் வைத்த பெயர்தான் சிப்புக்காரி.

அந்தச் சமயத்தில் தொழிற்சாலைக்கு ஓர் அறிவிப்பு வந்தது. மூச்சு ஆரம்பிக்கிற கணத்தைக் கண்டுபிடிக்கிறது என்றேனே, அந்த வேலையைச் செய்கிற சிப்பை இனிமேல் தயாரிக்கப் போவதில்லை என்று அதைச் செய்கிற கம்பெனி சொல்லிவிட்டது. வேண்டியவர்கள் குறிப்பிட்ட தேதிக்குள் கடைசியாக ஓர் ஆர்டர் கொடுக்கலாம். அதற்குப் பிறகு கெஞ்சினாலும் கிடைக்காது. கார் கம்பெனிகள் லட்சக்கணக்கில் வாங்குகிற இடத்தில் எங்கள் ஊர்த் தொழிற்சாலை கேட்கிற ஒரு கை சிப்பு ஆனைப் பசிக்குச் சோளப்பொரி. வேறு சிப்பு வைத்துப் புது மெஷின் செய்யலாம், செய்யவும் ஆரம்பித்தார்கள். ஆனால் அது இனி வரப்போகிறவர்களுக்கு. ஏற்கெனவே வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிற பழைய மெஷினுக்குள் அந்தப் புதுச் சிப்பு உட்காராது, இன்னொரு மெஷின் வாங்க அந்த வீடுகளில் வசதியும் கிடையாது. பழைய சிப்பு சில வருடத்துக்கு ஒரு தரம் பழுதாகும், மாற்றியே ஆக வேண்டும். கையிருப்பு தீர்ந்த பிறகு யார் வீட்டில் பழுதாகிறதோ அந்த வீட்டில் மெஷின் வெறும் பெட்டி.

முதலாளி கெட்டவர் இல்லை. தேவைக்கு மேல் வாங்கிக் குவிக்க முடியாது, குறைவாக வாங்கினாலும் பாவம் சேரும் என்று தவித்தார். கடைசியில் இவளைக் கூப்பிட்டு, நீதான் இதைப் படிக்கிறாயே, இதையே ப்ராஜெக்டாக எடுத்துக் கணக்குப் போடு, நீ எந்த எண் சொல்கிறாயோ அதற்கு ஆர்டர் போடுகிறேன் என்றார். கல்லூரியில் அவளை வழிநடத்திய பேராசிரியரும் சந்தோஷமாகத் தலையாட்டினார். இப்படித்தான் அத்தனை பேர் மூச்சும் ஒரு சண்டைக்காரி மடியில் வந்து விழுந்தது.

எத்தனை மெஷின் வெளியே இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். சிப்பு எத்தனை வருடத்துக்கு ஒரு முறை போகும் என்பதும் தெரியும். தெரியாதது ஒன்றுதான்: ஒவ்வொரு மெஷினும் இன்னும் எத்தனை வருடம் தேவைப்படும். அதாவது, அதில் இருக்கிறவர் இன்னும் எத்தனை வருடம் இருப்பார். இதற்கு ஆஸ்பத்திரியில் ஓர் அட்டவணை கொடுத்தார்கள். இந்த வியாதிக்காரர் மெஷினில் சராசரியாக இத்தனை வருடம், அந்த வியாதிக்காரர் இத்தனை வருடம் என்று அதில் இருந்தது. அந்தச் சராசரியிலிருந்து, ஒருவர் ஏற்கெனவே மெஷினில் கழித்த வருடத்தைக் கழித்தால் மீதி வரும். எல்லார் மீதியையும் கூட்டி, ஒரு சிப்பின் ஆயுளால் வகுத்தால் மொத்தத் தேவை வரும். கம்ப்யூட்டரில் ஆளுக்கு ஒரு வரிசையாகப் போட்டாள். வரிசையில் பெயர் கிடையாது, மெஷினின் எண் மட்டும்தான். பேராசிரியர் பார்த்துவிட்டு, கச்சிதமான கணக்கு, வீண் இருப்பே இல்லை என்று பாராட்டினாராம்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அவள் சாப்பாட்டு மேஜையில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்தாள். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். தம்பி ஜன்னல் பக்கமிருந்து கூப்பிட்டான்.

"எல்லாருக்கும் வருஷம்... போட்டுட்டியே," என்றான். அடுத்த மூச்சு வந்தது. "எனக்கு எத்தனை... போட்டே?"

ஒவ்வொரு வரிசையையும் திரும்பத் திரும்பச் சரிபார்த்தவள், அந்த ஒரு வரிசையை மட்டும் பார்த்ததே இல்லை என்று பிறகு என்னிடம் சொன்னாள். எண்ணைத் தட்டிவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொண்டு அடுத்ததற்குப் போய்விட்டாளாம். இப்போது கேட்டுவிட்டான். தேடி எடுத்தாள். எடுத்தவள் அசையாமல் இருந்தாள். நான் கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பின்னால் நின்று பார்த்தேன். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. கழித்தல் குறி தெரியும்.

மைனஸ் இரண்டு என்று இருந்தது. அட்டவணைப்படி என் தம்பி இரண்டு வருடம் முன்பே போயிருக்க வேண்டும். போகவில்லை. சராசரியிலிருந்து அவன் இருந்த வருடத்தைக் கழித்தபோது பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. கம்ப்யூட்டருக்கு ஈவிரக்கமா இருக்கிறது? அந்த மைனஸை அப்படியே மொத்தத்தோடு சேர்த்திருந்தது. அவன் கூடுதலாக உயிரோடிருந்த இரண்டு வருடத்தை வேறு யாருக்கோ வரவேண்டிய வருடத்திலிருந்து கழித்திருந்தது. அவள் மளமளவென்று மற்ற வரிசைகளைத் தேடினாள். அட்டவணையைத் தாண்டி மூச்சு விட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் மைனஸில் இருந்தார்கள். எவ்வளவு பிடிவாதமாகப் பிழைத்திருந்தார்களோ அவ்வளவுக்கு மொத்தத்தைக் குறைத்திருந்தார்கள். கச்சிதமாக இருந்ததற்குக் காரணம் அதுதான்.

மறைக்கவா முடியும்? சொன்னாள். தம்பி சிரித்தான். அவன் சிரித்தால் மெஷினுக்குப் புரியாது, கூச்சல் போடும். கூச்சல் அடங்கிய பிறகு, "அப்போ நான்... அடுத்தவன் மூச்சை... விட்டுட்டு இருக்கேன்," என்றான்.

அவள் சிரிக்கவில்லை. அன்று முழுவதும் அவள் குரல் எழும்பவே இல்லை. மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர் என்னிடம், உங்க தம்பி சம்சாரம் ஊரில் இல்லையா என்று விசாரித்தார்.

பேராசிரியரிடம் போனாள். மைனஸ் வருகிற இடத்தில் பூஜ்யம் போட்டுவிடு, தீர்ந்தது என்றார் அவர். பூஜ்யம் போட்டாலும் அவர்களுக்கு ஒரு சிப்புகூடக் கிடையாது என்றுதானே அர்த்தம் என்று இவள் கேட்டாள். சராசரியைத் தாண்டியவர்களுக்கு அட்டவணையில் எண் இல்லை, இல்லாத எண்ணை நான் எங்கிருந்து கொண்டு வருவது என்றார். மனிதர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த இடங்களில் அந்த எண் இல்லைதான்.

இவள் தன் வழிக்குப் போனாள். பொருள் எப்போது வரும் என்று போனில் கேட்டுக் கேட்டுப் பழகியவள். அதே போனை எடுத்து, மெஷின் இருக்கிற வீடுகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட ஆரம்பித்தாள். உங்களுக்கு மெஷின் இன்னும் எத்தனை வருடம் தேவைப்படும் என்று கேட்டாள்.

"உசிரோட இருக்கறவங்ககிட்ட இன்னும் எத்தனை நாள் இருப்பேன்னு கேக்கறியே, உனக்கு நாக்கு கூசலையா?" என்றேன்.

"நான் கேக்கலேன்னா அந்த அட்டவணை பதில் சொல்லிடும் அக்கா," என்றாள்.

அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை. முணுமுணுக்கவும் இல்லை.

அவள் போனில் பேசினால் எதிர்முனையும் எங்களுக்குக் கேட்கும். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். அதனால் அந்த வாரங்களில் ஊர்பேர் தெரியாத எத்தனையோ வீடுகள் எங்கள் முன்னறைக்குள் வந்து போயின. ஒருவர் கன்னாபின்னாவென்று திட்டிவிட்டு வைத்தார். வைத்தவரே மறுநாள் கூப்பிட்டு, பத்து என்று போட்டுக்கோ என்றார். ஒரு சின்னப் பையனின் அம்மா, அவனுக்குக் கல்யாணமாகிப் பெண்டாட்டி வந்து பார்த்துக்கொள்கிற வரை என்றாள். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர், நீங்கள் எவ்வளவு கொடுப்பீர்கள் என்று பேரம் பேசினார். தனியாக இருக்கிற ஓர் அம்மாள், ஒரு வருஷம் போதும்மா, அதுக்கு மேல யாருக்குத் தொந்தரவு என்று மெல்லச் சொன்னார். இன்னொரு வீட்டில், அவர் போய் வெகுகாலம் ஆகிறது என்றார்கள். மெஷினைத் திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லையாம். அந்தச் சத்தம் இல்லாமல் தூக்கம் பிடிக்காதபோது கொஞ்ச நேரம் ஓடவிடுவார்களாம். அந்த ஒரு வரிசையை மட்டும் இவள் கணக்கிலிருந்து எடுத்தாள். எடுத்துவிட்டு வெகுநேரம் போனைத் தொடவில்லை.

ஆசைப்படுவதெல்லாம் ஆதாரமாகாது என்றார் பேராசிரியர். இவள் அட்டவணைக் கணக்கு ஒன்று, கேட்டு வாங்கிய கணக்கு ஒன்று என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதினாள். எது சரி என்று தேர்வாளர்கள் முடிவு செய்யட்டும். ஆர்டருக்குப் போகப்போவது இரண்டாவது என்றாள். பிடித்த முயலுக்கு மூன்று கால்தான். முதலாளியும் ஒப்புக்கொண்டார்.

கடைசியில் ஒரு வீடுதான் பாக்கி இருந்தது, எங்கள் வீடு. அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். அவள் நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள். முகத்தை ஆபீஸ் முகமாக வைத்துக்கொண்டு, "வணக்கம் சார், கம்பெனியிலேருந்து பேசறோம்," என்றாள்.

"சொல்லுங்க... மேடம்," என்றான் தம்பி.

"உங்களுக்கு மெஷின் இன்னும் எத்தனை வருஷம் தேவைப்படும் சார்?"

மெஷின் காற்றைத் தள்ளியது, விட்டது, தள்ளியது. நான் அவன் பதிலைக் கேட்காமல் அடுப்படிக்குப் போய்விடப் பார்த்தேன். காரணம் இருந்தது. கொஞ்ச நாளாக, அவள் இல்லாத பகல்களில், போதும்க்கா என்று என்னிடம் சொல்ல ஆரம்பித்திருந்தான். விளையாட்டுக்கு என்றுதான் நான் எடுத்துக்கொண்டிருந்தேன், எடுத்துக்கொள்ள விரும்பினேன். அவளிடம் சொல்லவில்லை. அந்த வார்த்தையை இப்போது அவள் கேட்டு, தன் கையாலேயே அதை ஓர் எண்ணாகப் போட வேண்டியிருக்குமோ என்று பயந்தேன்.

"நீங்க ரிட்டயர் ஆக... இன்னும் எத்தனை வருஷம்... மேடம்?" என்றான்.

அவள் சொன்னாள். சின்ன எண் இல்லை அது.

"அதுவரைக்கும்... போடுங்க. அப்புறம் நீங்க... வீட்லயே இருப்பீங்க. உங்க சத்தம்... நமக்குத் தாங்காது."

அவள் முகம் மாறவில்லை. நன்றி சார் என்றாள். அவன் பார்க்கும்படி திரையைத் திருப்பி வைத்துக்கொண்டு, மைனஸ் இருந்த இடத்தில் அந்த எண்ணை அடித்தாள். அப்புறம்தான் எழுந்து உள்ளே போனாள்.

மழைக்காலத்தில் தம்பிக்குச் சளி பிடித்தது. காய்ச்சல் வந்தது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மெஷினும் கூடவே வந்தது, கட்டிலோடு கட்டிலாக. அது ஒரு குறையும் வைக்கவில்லை. கடைசி வரை ஒழுங்காகக் காற்றைத் தள்ளிக்கொண்டுதான் இருந்தது. சிப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் நுரையீரலுக்குத்தான் வாங்கிக்கொள்ள முடியவில்லை. அவன் போனபோது அவள் ஒரு கையையும் நான் ஒரு கையையும் பிடித்திருந்தோம். அவள் கத்தி அழுவாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். கத்தியது நான்தான்.

வீடு திரும்பிய பிறகு அவள் அந்த ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்தபடியே இருந்தாள். சாப்பிடு என்றால் சாப்பிட்டாள், குளி என்றால் குளித்தாள். தானாக ஒரு வார்த்தை பேசவில்லை. அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் மத்தியானம் முதலாளி போன் செய்தார். கடைசி ஆர்டருக்கு மறுநாள் கெடு. பழக்க தோஷத்தில் அவள் கை தானாக ஸ்பீக்கரை அழுத்தியது.

ஆறுதலாக நாலு வார்த்தை சொன்னார். பிறகு தயங்கினார். "தப்பா நினைச்சுக்காதம்மா. ஷீட்ல அவர் வரிசை அப்படியே இருக்கு. உன்னைக் கேக்காம அதைத் தொட எனக்கு மனசு வரலை. எடுத்துடட்டுமா?"

நான் அவளைப் பார்த்தேன். நியாயமாகக் கணக்குப் பார்க்கிறவள். தம்பியின் எண்ணை எடுக்கச் சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

"வேண்டாம் சார்," என்றாள். அத்தனை மெதுவான குரலில் அவள் பேசி நான் கேட்டதில்லை. "அவர் உயிரோட இருக்கும்போதே ஒரு தடவை கழிச்சுட்டேன். இன்னொரு தடவை என்னால முடியாது."

அவளே தொடர்ந்தாள். "சில பேர் வேணும்னே கம்மியா சொல்லியிருக்காங்க சார். யாருக்கும் பாரமா இருக்க வேண்டாம்னு. அவருக்குப் போட்டது அவங்களுக்கு ஆகும்."

"சரிம்மா," என்றார் முதலாளி. "அப்படியே அனுப்பிடறேன்."

"அனுப்பறதுக்கு முன்னாடி மொத்தத்தை ஒரு தரம் படிங்க சார். அடிக்கும்போது எண் மாறிடும்."

அவர் நிதானமாக, ஒவ்வொரு இலக்கமாகப் படித்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். படித்து முடித்ததும், "சரியா இருக்கு சார்," என்றாள்.